மவுஸ் வீல் தானாக ஆடுகிறது: விண்டோஸ் முழுக்க அதை மட்டும் நிறுத்த வழி உண்டா?

கடைக்கணக்கு:
வணக்கம். விண்டோஸ் 10. ஸ்க்ரோல் வீல் கெட்டுப்போய், தொடாமலே மேலும் கீழும் துள்ளுகிறது. பக்கம் நகர்ந்தால்கூடப் பரவாயில்லை. பில் போடும்போது ஜிஎஸ்டி பெட்டியில் 5 வைத்துவிட்டுக் கையை எடுப்பதற்குள் 18 ஆகிவிடுகிறது. பார்க்காமல் பிரிண்ட் கொடுத்தால் வாடிக்கையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) ஸ்க்ரோல் வரிகளை 0 ஆக்கிப் பார்த்தேன். சில மென்பொருள் கேட்கிறது, சில மதிப்பதே இல்லை. அதனால் சி ஷார்ப்பில் ஒரு கன்சோல் நிரல்: லோ லெவல் மவுஸ் ஹூக் (மவுஸ் செய்திகளை மற்ற நிரல்களுக்குப் போகுமுன் இடைமறிப்பது), வகை எண் 14. வீல் உருண்டதைச் சொல்லும் செய்தி எண் 522 வந்தால், அதை விழுங்கிவிடு என்று 1 திருப்புகிறேன். கடைசி வரியில் ரீட்லைன் (எண்டர் தட்டும்வரை காத்திருக்கும் கட்டளை) போட்டு நிரலை நிறுத்தி வைத்திருக்கிறேன். ஓடவிட்டால் கர்சர் திக்கித் திக்கி நகர்கிறது, வீல் நிற்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கர்சர் தானே சரியாகிவிடுகிறது, வீல் மட்டும் பழைய ஆட்டம். நிரலோ ஓடிக்கொண்டுதான் இருக்கிறது!

மண்டூகம்:
புது மவுஸ் வாங்குங்க சார், வேலை முடிஞ்சுது.

கடைக்கணக்கு:
வாங்கத்தான் போகிறேன். ஆனாலும் இது ஏன் இப்படி என்று தெரியாமல் விட மனசு வரவில்லை.

பிட்டும்பைட்டும்:
ரீட்லைன்தான் வில்லன். இந்த வகை ஹூக்கை, அதைப் போட்ட த்ரெட்டிலேயே (நிரலின் அந்த ஓட்ட இழையிலேயே) விண்டோஸ் கூப்பிடும். அதற்கு அந்த த்ரெட்டில் மெசேஜ் லூப், அதாவது விண்டோஸ் அனுப்பும் செய்திகளை வரிசையாக எடுக்கும் சுழற்சி, ஓட வேண்டும். உங்கள் த்ரெட் ரீட்லைனில் தூங்குகிறது. மவுஸ் அசையும் ஒவ்வொரு முறையும் விண்டோஸ் பதிலுக்குக் காத்திருந்து, கெடு தாண்டியதும் தன் வழியே போகிறது. கர்சர் திக்குவது அதனால்தான். விண்டோஸ் 7 முதல், இப்படிக் கெடு தவறும் ஹூக்கைச் சத்தமில்லாமல் கழற்றிவிடும். நிரலுக்குத் தகவல்கூட வராது.

ரீட்லைனை எடுத்துவிட்டு, அந்த லூப்பை ஓட்டும் அப்ளிகேஷன் ரன் போடுங்கள். ஹூக்குக்குள் கோப்பில் எழுதுவது, கன்சோலில் அச்சிடுவது எல்லாம் வேண்டாம், அதுவும் தாமதமாக்கும். பக்கவாட்டு வீலும் இருந்தால் அதன் செய்தி எண் 526-ஐயும் சேர்த்துத் தடுங்கள்.

கடைக்கணக்கு:
அருமை அண்ணா, வீல் நின்றுவிட்டது! ஆனால் கொஞ்ச நேரம் ஓடியபின் நிரல் செத்துவிடுகிறது. பிழைச் செய்தியில் கார்பேஜ், டெலிகேட் என்று ஏதோ வருகிறது.

பிட்டும்பைட்டும்:
ஹூக் போடும் வரியிலேயே மெத்தட் பெயரை நேரடியாகக் கொடுத்திருப்பீர்கள். அங்கே உருவாகும் டெலிகேட்டை (அந்த மெத்தட்டைச் சுட்டும் பொருள்) விண்டோஸ் பிடித்து வைத்திருப்பது, சி ஷார்ப் நிரலை ஓட்டும் டாட்நெட்டுக்குத் தெரியாது. யாருக்கும் வேண்டாத பொருள் என்று, நினைவகத்தைச் சுத்தம் செய்யும் கார்பேஜ் கலெக்டர் அள்ளிக்கொண்டு போய்விடும். டெலிகேட்டை, நிரல் ஓடும்வரை அழியாத ஒரு ஸ்டாட்டிக் ஃபீல்டில் வைத்து, அதைக் கொடுங்கள்.

இன்னொன்று. பில் மென்பொருள் அட்மினிஸ்ட்ரேட்டராக ஓடினால் உங்கள் நிரலையும் அப்படியே ஓட்டுங்கள். இல்லையென்றால் அந்த ஜன்னலில் மட்டும் வீல் வேலை செய்யும்.

சுருள்வில்:
எனக்கு வேறு கதை. கீழே உருட்டினால் நடுவில் ஒரு தடவை மேலே எகிறுகிறது. முழுசா நிறுத்தாமல் அதை மட்டும் வடிகட்டலாமா?

பிட்டும்பைட்டும்:
தாராளமாக. ஹூக்குக்கு வரும் மவுஸ் டேட்டாவின் மேல் 16 பிட்டில் திசை இருக்கும்: மேலே 120, கீழே மைனஸ் 120. குறியுள்ள எண்ணாகப் படியுங்கள், இல்லாவிட்டால் கீழே உருட்டும்போது 65416 என்று வந்து குழப்பும். கடைசியாக அனுமதித்த திசைக்கு எதிராக 100 மில்லிசெகண்டுக்குள் எது வந்தாலும் விழுங்கிவிடுங்கள். உள்ளே வீலின் சுழற்சியை அளக்கும் என்கோடரின் தொடுமுனை தேய்ந்தாலோ தூசி சேர்ந்தாலோ இப்படித்தான் எகிறும்.

லினக்ஸ்வாசி:
நிரலே எழுத வேண்டாம் என்பவர்களுக்கு, கீபோர்டு, மவுஸ் செயல்களை மாற்றும் ஆட்டோஹாட்கீ மென்பொருள் இருக்கிறது. வீல்அப், வீல்டவுன் இரண்டுக்கும் ரிட்டர்ன், இரண்டே வரி. லினக்ஸில் எக்ஸ்11 (திரை, மவுஸைக் கையாளும் அமைப்பு) ஓடினால், எக்ஸ்இன்புட் கட்டளையில் வீலுக்கான 4, 5 பட்டன்களை 0 ஆக்குங்கள்.

கடைக்கணக்கு:
ஸ்டாட்டிக் ஆக்கியதும் நிரல் சாகவில்லை. 5 போட்டால் 5-லேயே நிற்கிறது. இன்னொரு மவுஸ் செருகினால் அதன் வீலாவது வேலை செய்யுமா?

பிட்டும்பைட்டும்:
செய்யாது. எந்த மவுஸிலிருந்து வந்தது என்று இந்த ஹூக்குக்குத் தெரியாது. புதுசு வந்ததும் நிரலை ஸ்டார்ட்அப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். மறந்தால் அதுவும் கெட்டுப்போனது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவீர்கள்.