ரீச் ஏறுகிறது, ஓடர் ஏறவில்லை: எந்த எண்ணைப் பார்ப்பது?

கேள்வி (கல்லடி)
மருதமுனைக் கைத்தறிச் சேலைகளை எடுத்து பேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் போட்டு விற்கிறேன். பக்கத்தின் புள்ளிவிவரம் காட்டும் இன்சைட்ஸைத் திறந்தால் வியூஸ், ரீச், இன்டரக்ஷன், பொலோவர்ஸ் என்று ஏகப்பட்ட எண்கள். வியூஸ் ஏறிக்கொண்டே போகிறது, ஆனால் விலை கேட்டு வருவது பழைய ஆட்கள்தான். வாராவாரம் எதைக் குறித்து வைக்க வேண்டும்? தெரிந்த அண்ணாமார், அக்காமார் சொல்லுங்கள்.

பதில் (காத்தான்குடி)
தங்கச்சி, வியூஸை ஒதுக்கி வையுங்க. ஒரே ஆள் மூன்று தடவை பார்த்தால் வியூஸில் மூன்று, ரீச்சில் ஒன்று. ரீச்சும் எத்தனை பேர் கண்ணில் பட்டது என்றுதான் சொல்லும். நான் கடைக்குப் பார்ப்பது சேவ், ஷேர், மெசேஜ். சேலையை சேவ் பண்ணி வைக்கிறவர் கல்யாணத்துக்கோ பெருநாளுக்கோ மறுகா வருவார். இரண்டு போஸ்ட்டை ஒப்பிட வேண்டுமென்றால் லைக், கமென்ட், ஷேர், சேவ் எல்லாவற்றையும் கூட்டி, ரீச்சால் வகுத்து, நூறால் பெருக்குங்க. ரீச் 2,000, கூட்டுத்தொகை 60 என்றால் 3 சதவீதம். ரீச் 5,000, கூட்டுத்தொகை 75 என்றால் 1.5 தான், முதல் போஸ்ட்தான் நல்ல போஸ்ட்.

பதில் (அக்கரைப்பற்று)
இன்சைட்ஸில் பார்வையாளர் யார் என்று காட்டும் ஓடியன்ஸ் பகுதியில் நாட்டையும் ஊரையும் பாருங்கள். நம்மூர்ப் பக்கங்களை லண்டன், டொரோண்டோ, கட்டார் சனமும் பார்க்கும். அவர்களுக்கு அனுப்ப வழியில்லாவிட்டால் அந்த ரீச்சால் வியாபாரம் இல்லை, வழியிருந்தால் அவர்கள்தான் நல்ல வாடிக்கை. பூஸ்ட் போடும்போது, அதாவது காசு கட்டி போஸ்ட்டை விளம்பரமாக்கும்போது, இலக்கை மெசேஜ் என்று தெரிவு செய்யுங்கள். எங்கேஜ்மென்ட் (லைக், கமென்ட் போன்றவை) என்று விட்டால் லைக் போடுகிற பழக்கமுள்ளவர்களிடமே பேஸ்புக் கொண்டுபோய்க் காட்டும்.

கேட்டவர்
நன்றி நானா, அண்ணா. மெசேஜில் எல்லாரும் ‘விலை?’ என்று மட்டும்தான் எழுதுகிறார்கள், எந்தப் போஸ்ட்டைப் பார்த்து வந்தார்கள் என்று எப்படிப் பிடிப்பது?

பதில் (காத்தான்குடி)
வட்ஸ்அப் லிங்கில் செய்தியை முன்கூட்டியே எழுதி வைக்கலாம். போஸ்ட்டுக்கு ஒரு லிங்க், ‘நீலக்கரைச் சேலை பற்றிக் கேட்கிறேன்’ என்ற மாதிரி. அவர்கள் அனுப்பும்போதே உங்களுக்குத் தெரிந்துவிடும். வட்ஸ்அப் பிசினஸில் கேட்டவருக்கு ஒரு லேபிள், காசு கட்டியவருக்கு ஒரு லேபிள் போட்டு, வாரக் கடைசியில் இரண்டையும் எண்ணுங்க. நிறையப் பேர் கேட்டு கொஞ்சப் பேரே வாங்கினால் விலையையும் கூரியர் செலவையும் நீங்க பதில் போடுகிற வேகத்தையும் பாருங்க. கேட்கிறவர்களே குறைவு என்றால்தான் படத்தையும் எழுத்தையும் மாற்ற வேண்டும். அப்புறம், விலையைப் போஸ்ட்டிலேயே போட்டுவிடுங்க. மெசேஜ் எண்ணிக்கை இறங்கும், அதற்குப் பயப்பட வேண்டாம், வாங்குகிற எண்ணம் உள்ளவர்கள்தான் வருவார்கள்.