வற்றாப்பளைப் பொங்கலில் வேதாகமக் கல்லூரி மாணவர்கள் துண்டுப்பிரசுரம் கொடுத்தது சரியா?

முள்ளியவளையான்:
இந்த முறை முல்லைத்தீவு வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குப் போனவர்கள் கண்டிருப்பீர்கள். கோயிலுக்குப் போகிற வீதியில் வெள்ளைச் சேட்டும் கறுப்புக் காற்சட்டையுமாக ஏழெட்டுப் பெடியன்கள், கூடவே இரண்டு மூன்று பெண்பிள்ளைகள். ஏதோ ஒரு வேதாகமக் கல்லூரியில் படிக்கிறவர்களாம். வருகிற சனத்தின் கையில் நாலு பக்கத் தாள் ஒன்றைக் கொடுத்துக்கொண்டு நின்றார்கள். முன்பக்கத்தில் 'நிம்மதி வேண்டுமா?' என்று இருந்தது. என் அம்மா நேர்த்திக்குப் பாற்செம்பு தூக்கிக்கொண்டு வந்தவர், அவருக்கும் ஒன்று. கோயில் நோட்டீஸ் என்று நினைத்து மடியில் செருகிக்கொண்டார். உள்ளே பார்த்தால் விவிலியத்தின் சங்கீதம் 115. விக்கிரகத்துக்கு வாயிருந்தும் பேசாது, கண்ணிருந்தும் காணாது என்று வருகிற பகுதி.

அம்மனிடம் போகிற மனுசியின் கையில், அம்மன் பேசமாட்டாள் என்று அச்சடித்துக் கொடுக்கிறதற்கு என்ன பெயர்? சண்டைக்கு வரவில்லை, கேட்கிறேன்.

ரொறன்ரோ தமிழன்:
படம் இருந்தால் போடுங்கள். கல்லூரியின் பெயரையும் சொல்லுங்கள். மிச்சத்தை நாங்கள் பார்க்கிறோம்.

முள்ளியவளையான்:
பெயரும் இல்லை, படமும் இல்லை. இருபது வயதுப் பிள்ளைகள். நீங்கள் முகநூலில் ஏசிவிட்டு நித்திரைக்குப் போய்விடுவீர்கள். நாளைக்கு அவர்களைச் சந்தையில் காணப்போகிறது நான்தான்.

ஒலிவமரம்:
வணக்கம் அண்ணை. அன்றைக்கு அங்கே நின்றவர்களில் நானும் ஒருத்தன். நாங்கள் கோயில் எல்லைக்குள் காலெடுத்து வைக்கவில்லை, நின்றது பொது வீதியில். வேண்டாம் என்றவரைப் பின்தொடரவில்லை. கீழே போட்ட தாள்களைப் பொழுதுபடப் பொறுக்கி எடுத்துக்கொண்டுதான் வந்தோம்.

நான் பிறந்ததும் சைவ வீட்டில்தான். 2009இல் போர் முடிகிற நேரம் வவுனியா மெனிக் பாம் அகதி முகாமுக்குப் போகும்போது எனக்கு நாலு வயது. அப்பா எங்களோடு வரவில்லை, இன்றைக்கு வரைக்கும் தகவலும் இல்லை. அந்தக் கூடாரத்தில் அம்மாவுக்குப் பக்கத்தில் வந்து இருந்து அழுதவர் ஒரு போதகரின் மனைவி. அவர் ஒரு தாளும் தரவில்லை, பிறகு நாங்கள்தான் தேடிப்போய்க் கேட்டோம். எனக்குக் கிடைத்ததை இன்னொருவருக்குச் சொல்வது எப்படிக் குற்றமாகும்?

முள்ளியவளையான்:
தம்பி, அந்த அம்மா செய்தது பெரிய காரியம், அதை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் நீங்களே சொல்கிறீர்கள், அவர் தாள் தரவில்லை என்று. நீங்கள் ஏன் தருகிறீர்கள்?

கனகராயன்:
சட்டத்தையும் ஒருக்கால் பார்ப்போம், இல்லாவிட்டால் இந்தத் திரி இப்படியே சுற்றும். இலங்கை அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை எந்த மதத்தையும் கைக்கொள்ளும் சுதந்திரத்தைத் தருகிறது. 14ஆம் உறுப்புரையில் வழிபாடு, போதனை எல்லாம் இருக்கிறது. பரப்புதல் என்று வெளிப்படையாக இல்லை. இந்திய அரசியலமைப்பின் 25ஆம் உறுப்புரையில் அது இருக்கிறது. 2003இல் கத்தோலிக்க அருட்சகோதரிகளின் சபை ஒன்றைக் கூட்டிணைக்கும் சட்டமூலம் உயர் நீதிமன்றத்துக்குப் போனபோது, மதத்தைப் பரப்புவது அடிப்படை உரிமையாகாது என்றுதான் நீதிமன்றம் சொன்னது. அந்தச் சகோதரிகள் ஐ.நா. மனித உரிமைகள் குழுவுக்குப் போனார்கள். 2005இல் அந்தக் குழு, இலங்கை அவர்களுடைய மதச் சுதந்திரத்தை மீறிவிட்டது என்று முடிவு சொன்னது.

ஆகவே 'அது எங்கள் உரிமை' என்று தம்பி அடித்துச் சொல்லவும் முடியாது, 'அது குற்றம்' என்று ரொறன்ரோ அண்ணை சொல்லவும் முடியாது. மதமாற்றத் தடைச் சட்டம் என்று ஒன்று இங்கே இல்லை. 2004இல் பௌத்த பிக்குகளின் கட்சியான ஜாதிக ஹெல உறுமய கொண்டுவந்த சட்டமூலம் நிறைவேறவில்லை. வேண்டுமென்றே மத உணர்வைப் புண்படுத்துவது தண்டனைச் சட்டக்கோவையின் 291அ பிரிவில் வரும். ஒரு சங்கீதத்தை அச்சடித்ததற்காக அதில் ஒருவரை மாட்டலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. மாட்டவும் கூடாது. இன்றைக்கு இவர்களுக்கு எதிராக எடுக்கிற சட்டத்தை நாளைக்கு எங்களுக்கு எதிராக யார் எடுப்பார்கள் என்று வவுனியா வெடுக்குநாறிமலைச் சிவன் கோயிலில் பார்த்தோம்தானே. 2024 சிவராத்திரிக்குப் பூசை செய்யப் போனவர்களில் எட்டுப் பேரைப் பொலிசார் பிடித்துக்கொண்டு போனார்கள்.

ரொறன்ரோ தமிழன்:
அதைத்தானே சொல்கிறேன். ஒரு பக்கம் தொல்லியல் என்று மலையெல்லாம் போகுது, மறுபக்கம் இவர்கள். இரண்டு பக்கமும் அடி.

மாந்தைச்சந்தி:
நான் கத்தோலிக்கன், மன்னார். முள்ளியவளை அண்ணைக்கு ஒரு ஆறுதல்: ஆவணித் திருவிழாவுக்கு மடுவுக்குப் போகிற வழியில் எனக்கும் இப்படி ஒரு தாள் கிடைத்தது. அதில் விக்கிரகம் என்று சொல்லப்பட்டது எங்கள் மாதா! மடு மாதாவுக்குச் சைவச் சனமும் நேர்த்தி வைத்து வருகிறது, அவர்கள் கையிலும் அதே தாள். எல்லா வேதக்காரரையும் ஒரே சாக்கில் கட்டாதீர்கள்.

ஆனால் தடை போடுங்கள், அடியுங்கள், துரத்துங்கள் என்ற கதைக்கு நான் வரமாட்டேன். 2019 சிவராத்திரிக்கு முதல் நாள் திருக்கேதீச்சரச் சிவன் கோயில் வளைவில் நடந்ததை இங்கே இருந்து பார்த்தவன் நான். எங்கள் ஆட்கள் சிலர் வளைவைப் பிடுங்கின காட்சி நாடு முழுக்கப் போனது. ஒரே வகுப்பில் படித்த பெடியன்கள் அதற்குப் பிறகு மாதக்கணக்கில் முகம் பார்க்கவில்லை. ஒரு கூட்டம் ஆத்திரத்தில் இறங்கினால் எந்த மதம் என்று கணக்கில்லை.

முள்ளியவளையான்:
ஒலிவமரம் தம்பி, ஒன்று கேட்கிறேன், நேரே பதில் சொல்லுங்கள். இப்படி வந்து கொடுக்கிறதற்குக் கல்லூரியில் புள்ளி உண்டா?

ஒலிவமரம்:
ஊழியப் பயிற்சி பாடத்திட்டத்தில் இருக்கிறது அண்ணை. அறிக்கை எழுதிக் கொடுக்க வேண்டும். புள்ளி உண்டு. அதற்காக மட்டும் வந்ததில்லை.

முள்ளியவளையான்:
அப்ப என் அம்மா உங்களுக்குச் செயன்முறைப் பரீட்சை.

ஒலிவமரம்:
அப்படிச் சொன்னால் தாதியர் பயிற்சிக்குப் போகிற பிள்ளைக்கு நோயாளி யார்? புள்ளி இருக்கிறதால் அக்கறை பொய்யாகிவிடுமா?

முள்ளியவளையான்:
நோயாளி வைத்தியசாலைக்குத் தானாக வருகிறார் தம்பி. அம்மா உங்களிடம் வரவில்லை. அம்மனிடம் வந்தவர்.

ஒட்டுசுட்டான் ரீச்சர்:
பிள்ளைகளே, இந்தச் சண்டை எங்கள் மண்ணுக்குப் புதிதில்லை. 1816இல் அமெரிக்க மிசன் யாழ்ப்பாணம் வந்த காலத்திலிருந்து நடக்கிறது. அவர்கள் அச்சுக்கூடம் வைத்தார்கள், துண்டுப்பிரசுரம் போட்டார்கள், திருவிழாக்களுக்கும் கொண்டுபோனார்கள். ஆறுமுக நாவலர் என்ன செய்தார்? கல்லெடுத்து எறியவில்லை. பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து விவிலியத் தமிழாக்கத்துக்கே உழைத்தவர், அந்தப் புத்தகத்தை வரிவரியாக அறிந்தவர். பிறகு வண்ணார்பண்ணையில் தானும் அச்சுக்கூடம் போட்டு, 1854இல் சைவதூஷணபரிகாரம் என்று பதில் எழுதினார். அதில் அவர் எடுத்த வழிதான் எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். எங்கள் கோயில் கிரியைகளைப் பழிக்கிறீர்களே, உங்கள் பழைய ஏற்பாட்டில் ஆலயமும் பலியும் தீபமும் தூபமும் இல்லையா என்று அவர்களுடைய நூலை வைத்தே கேட்டார்.

தம்பி ஒலிவமரம், உங்கள் சங்கீதத்துக்கு முன்னமே எங்களில் ஒருத்தர், நட்ட கல்லும் பேசுமோ என்று கேட்டுவிட்டார். சிவவாக்கியர். அதை வெளியிலிருந்து வந்து யாரும் எங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. கல் பேசாது என்று தெரிந்துதான் சனம் பொங்கலுக்கு வருகிறது. கடல் தண்ணீரில் விளக்கெரிகிற கோயிலுக்கு வருகிறவளுக்கு நம்பிக்கை என்றால் என்னவென்று தாள் தேவையில்லை. நீங்கள் உங்கள் ஆண்டவரைப் பற்றி எழுதுங்கள், நான் வாங்கி வாசிப்பேன். என் அம்மனைப் பற்றி எழுதினால் பதில் எழுதுவேன்.

தேயிலைக்கொழுந்து:
ரீச்சர் கோபிக்கக் கூடாது. நாவலர் பதில் எழுதினது சரி. அவருடைய பள்ளிக்கூட வாங்கில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் இருந்தார்களா?

எங்கள் அப்பா, அம்மா 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்தவர்கள். காடு வெட்டி இருந்தோம். பக்கத்து ஊர்க் கோயிலில் திருவிழாவுக்குக் காசு வாங்கினார்கள், உபயத்தில் எங்கள் பெயர் இல்லை. தேர்வடம் பிடிக்கப் போன அப்பாவை ஒருத்தர் தள்ளி நில் என்றார். நான் இன்னும் சைவம்தான், வற்றாப்பளைக்கு வருசாவருசம் போகிறேன். ஆனால் என் அக்கா கிறிஸ்தவ சபைக்குப் போகிறாள். தாளைப் பார்த்துப் போகவில்லை. அங்கே கதிரை போட்டு 'இருங்கோ அம்மா' என்றார்கள். அவளை எந்தக் கோயிலில் யார் 'இருங்கோ' என்றது?

தாள் கொடுத்தவனைப் பற்றி இத்தனை பதில் எழுதிவிட்டீர்கள்.

ரொறன்ரோ தமிழன்:
சாதியை இழுத்துத் திசைதிருப்ப வேண்டாம். இது மதமாற்றம் பற்றின கதை.

தேயிலைக்கொழுந்து:
மாறுகிறது யார் என்று பாருங்கள், இரண்டும் ஒரே கதையா இல்லையா என்று தெரியும்.

ஒட்டுசுட்டான் ரீச்சர்:
கோபமில்லை பிள்ளை. நாவலர் சாதி வழக்கத்தை விட்டவர் இல்லை, அது எழுத்தில் கிடக்கிறது. அவருடைய வாதத்தை எடுப்பேன், அந்த வழக்கத்தை எடுக்கமாட்டேன்.

மாந்தைச்சந்தி:
எங்கள் கோயில்களிலும் வாங்கு பிரித்து வைத்திருந்த காலம் உண்டு. சபைக்காரர் அதைத்தான் பிடித்தார்கள்.

ஒலிவமரம்:
அக்கா சொன்னதுக்கு நன்றி. முள்ளியவளை அண்ணை, அடுத்த முறையும் வருவோம், அதை மறைக்கவில்லை. ஆனால் காவடி, பாற்செம்பு தூக்கி வருகிறவருக்கும் சின்னப் பிள்ளைக்கும் கொடுக்கக் கூடாது என்று நாங்கள் மாணவர்கள் கதைத்து முடிவெடுத்திருக்கிறோம். சங்கீதம் 115 பற்றிக் கல்லூரியில் கேட்பேன். தாளை அச்சடிக்கிறது நாங்கள் இல்லை.

முள்ளியவளையான்:
முதலாவது நல்லது. இரண்டாவது 'கேட்பேன்' என்றால் காணாது. அந்தப் பக்கம் இருக்கிற தாளோடு வந்தால் நானும் அதே வீதியில் நின்று ஒவ்வொருத்தரிடமும் அதை வாங்காதீர்கள் என்று சொல்லுவேன். அதுவும் பொது வீதிதான்.

ஒலிவமரம்:
நில்லுங்கள் அண்ணை. அது உங்கள் உரிமை.

ரொறன்ரோ தமிழன்:
பதில் பிரசுரம் அச்சடியுங்கள். காசு நான் அனுப்புகிறேன், பத்தாயிரம் பிரதி போடுங்கள்.

ஒட்டுசுட்டான் ரீச்சர்:
தாளுக்கு வேண்டாம் தம்பி. தேயிலைக்கொழுந்து பிள்ளையின் ஊரில் அறநெறிப் பாடசாலைக்கு ஆசிரியர் இருக்கிறாரா என்று கேளும். இல்லையென்றால் அதற்குத் தாரும்.

தேயிலைக்கொழுந்து:
கட்டடம் இருக்கிறது ரீச்சர், ஆசிரியர் இல்லை. வந்தாலும் என்ன, ஞாயிற்றுக்கிழமை காலையில் சபை பஸ் வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய்விடுகிறது.

ரொறன்ரோ தமிழன்:
பஸ் ஒன்றுக்கு மாதம் எவ்வளவு வரும்?

ஒலிவமரம்:
அது பஸ் இல்லை அக்கா, வான். பெற்றோர் சம்மதித்த பிள்ளைகளை மட்டும்தான் ஏற்றுகிறோம்.

தேயிலைக்கொழுந்து:
யாருடைய பெற்றோர்? என் மகனை யாரும் என்னிடம் கேட்கவில்லை.