மனத்தை விட்டு அகலாத ஒரு படம்: சேலம், ஏற்காடு அன்பர்களின் அனுபவப் பகிர்வு

குகைவாசி எழுதியது:

சென்னை-சேலம் எட்டு வழிச் சாலைக்கு நிலம் எடுக்க முட்டுக்கல் நட்ட 2018ஆம் ஆண்டைப் பற்றி இங்கே யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. 277 கிலோமீட்டர், ஐந்து மாவட்டங்கள், பத்தாயிரம் கோடி ரூபாய் என்று அன்றாடம் படித்துக்கொண்டிருந்தோம். நான் பத்திரிகையாளன் அல்லன். விடுமுறை நாட்களில் கேமராவைத் தூக்கிக்கொண்டு பறவைகளைத் தேடி அலைகிறவன். அன்றும் குப்பனூர்ப் பக்கம் மயில் எடுக்கத்தான் போயிருந்தேன்.

ஒரு பாக்குத் தோப்பின் ஓரத்தில் கல் நடுவதற்காகத் தோண்டியிருந்த குழிக்குள் கால்களைத் தொங்கவிட்டுக்கொண்டு எழுபது வயதுக்கு மேற்பட்ட ஒரு மூதாட்டி உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் அலுவலர்களும் காவலர்களும் நின்றிருந்தார்கள். என் கையில் கேமராவைப் பார்த்ததும், இடுப்பில் செருகியிருந்த பிளாஸ்டிக் உறையைப் பிரித்து, நான்காக மடித்திருந்த பட்டாவை எடுத்து முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, "என் மூஞ்சிய எடுக்காத கண்ணு, இத எடு. பேரு தெரியற மாதிரி எடு" என்றார். பதினொரு படங்கள் எடுத்தேன். திரும்பி நடக்கும்போது ஒருவர் என்னிடம் எந்தப் பத்திரிகை என்று கேட்டார். இல்லை என்றதும் என் வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது. அழிக்கச் சொல்லி யாரும் என்னை மிரட்டவில்லை. அயோத்தியாப்பட்டணத்தில் ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்து, கைதுச் செய்திகள் வந்துகொண்டிருந்த அந்த நாட்களில் வேலைக்கும் வீட்டுக்கும் என்ன ஆகுமோ என்று அஞ்சி, பதினொரு படங்களையும் நானே ஒவ்வொன்றாக அழித்தேன்.

2019 ஏப்ரலில் நிலம் எடுக்கும் அறிவிக்கைகளைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோதும், 2020 டிசம்பரில் அவை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோதும், செய்தித்தாளில் வந்த கூட்டப் படங்களில் அவர் முகத்தைத் தேடினேன். பட்டாவின் விளிம்பை அழுத்திப் பிடித்திருந்த கட்டைவிரலும் அதன் நகக்கண்ணில் படிந்திருந்த மஞ்சள் கறையும் இன்றைக்கும் கண்ணில் நிற்கின்றன. தெரிய வேண்டும் என்று அவர் கேட்ட அந்தப் பெயர் மட்டும் எனக்கு நினைவில் இல்லை.

செவ்வாய்ப்பேட்டை ஸ்டுடியோ மகன் எழுதியது:

குகைவாசி ஐயா, நீங்கள் பதினொரு படங்களுக்காக வருந்துகிறீர்கள். நான் என் தந்தையாரின் முப்பது ஆண்டு உழைப்பை எடை போட்டு விற்றவன்.

அப்பா காலமான பிறகு ஸ்டுடியோவைக் காலி செய்ய வேண்டியிருந்தது. மாடியில் அரிசிச் சாக்கு அளவுக்குப் பதினான்கு மூட்டைகள் நெகட்டிவ் கிடந்தன. எங்கள் பேட்டையில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், கொலுசுப் பட்டறைகளுக்கு நடுவில் வெள்ளியைப் பிரித்தெடுப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் உண்டு. அப்பாவே, படம் கழுவப் பயன்படுத்தி முடித்த ஹைப்போ கரைசலைக் கேனில் சேர்த்து வைத்து அவர்களுக்குத்தான் கொடுப்பார். வந்தவர் ஒவ்வொரு மூட்டையிலும் கைவிட்டு ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கறுப்பு வெள்ளை மட்டும் போதுங்க, கலர்ல வெள்ளி நிக்காது" என்று சொல்லிப் பிரித்து வைத்தார். அவர் சொன்னது சரிதான். கறுப்பு வெள்ளைப் படத்தில் நாம் பார்க்கும் கறுப்பே வெள்ளித் துகள்தான். கலர் ஃபிலிமைக் கழுவும்போது வெள்ளி வெளியேறிச் சாயம் மட்டுமே மிஞ்சும்.

பணம் வாங்கப் போன இடத்தில் வேலை நடந்துகொண்டிருந்தது. காஸ்டிக் சோடா கலந்த வெந்நீர் டிரம்மில் நெகட்டிவ்களைப் போட்டு ஒருவர் கழியால் கிளறிக்கொண்டிருந்தார். ஃபிலிமின் மேலிருந்த படலம் கழன்று கறுப்புச் சேறாக அடியில் இறங்க, கண்ணாடி போன்ற வெறும் ஃபிலிம் மேலே மிதந்தது. இன்னும் போடாமல் இருந்த குவியலிலிருந்து ஒன்றை எடுத்துப் பார்த்தேன். போஸ் மைதானத்தில் நடந்த கூட்டம். மேடை, மைக், தரையில் உட்கார்ந்திருந்த நூற்றுக்கணக்கானவர்கள், எல்லாரும் வெள்ளைச் சட்டையும் கறுப்பு வேட்டியுமாகத் தெரிந்தார்கள். நெகட்டிவில் நிறம் மாறித் தெரியும் என்பது எனக்குச் சிறு வயது முதலே தெரியும். அப்படியானால் அவர்கள் கறுப்புச் சட்டைக்காரர்கள். நீதிக்கட்சி 1944இல் திராவிடர் கழகம் என்று பெயர் மாறியது இந்தச் சேலத்தில்தான் என்பதைப் பள்ளியில் படித்தவன் நான். அந்தக் கழகத்தின் கூட்டம் ஒன்று, என் அப்பா ஏணி மேல் நின்று எடுத்தது, என் கையில் இருந்தது. யார் பேசினார், எந்த ஆண்டு என்று கேட்க அப்பா இல்லை. ஒரு நிமிடம் பார்த்துவிட்டு அதை மீண்டும் குவியலிலேயே போட்டேன். ஏன் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளவில்லை என்பதற்கு இன்றுவரை என்னிடம் விடை இல்லை.

மலையூரான் எழுதியது:

குகைவாசியின் வருத்தத்தை மதிக்கிறேன். ஆனால் படம் இல்லாவிட்டால் நினைவு இல்லை என்ற அவருடைய எண்ணத்தை நான் ஏற்கவில்லை. 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் மத்தியச் சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் உயிரிழந்தார்கள். அந்த நேரத்தை எந்தக் கேமராவில் பார்த்து நாம் நினைவு வைத்திருக்கிறோம்? சொல்லிச் சொல்லித்தான் அது நின்றது. ஆகவே ஐயா, நீங்கள் அந்தப் பாட்டியைப் பற்றி இங்கே எழுதியதே அழித்த படங்களில் ஒன்றை மீட்டதற்குச் சமம்.

நான் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் பிறந்த, மலையாளி எனப்படும் மலைவாழ் பழங்குடிக் குடும்பத்தைச் சேர்ந்தவன். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் இங்கே காபியைக் கொண்டுவந்தார் என்ற வரலாற்றைச் சுற்றுலா வருகிறவர்கள் எல்லாரும் கேட்டுவிட்டுப் போகிறார்கள். ஒரு பழைய எஸ்டேட் பங்களாவில் மின்வேலை செய்யப் போனபோது சுவரில் ஒரு குழுப்படம் மாட்டியிருந்தது. நாற்காலியில் அமர்ந்திருந்த துரைமார்களின் பெயர்கள் கீழே வரிசையாக எழுதப்பட்டிருந்தன. காலடியில் படுத்திருந்த நாயின் பெயரும் எழுதப்பட்டிருந்தது. ஓரத்தில் தலைப்பாகையோடு நின்ற ஆறு பேருக்கும் சேர்த்து 'மலைக்கூலிகள்' என்று ஒரே சொல். அவர்களில் இடமிருந்து இரண்டாவது மனிதரின் நெற்றியும் காது மடலும் என் அப்பாவினுடையவை போலவே இருந்தன. ஏணியில் நின்றபடியே வெகுநேரம் பார்த்தேன்.

ஆகவே அன்பர்கள் அனைவரையும் கேட்டுக்கொள்கிறேன், படத்தில் இருப்பவர்களின் பெயர்களை எழுதி வையுங்கள். பிரிண்டின் பின்பக்கத்தில் பால் பாயிண்ட் பேனாவால் எழுதக் கூடாது. அழுத்தம் முன்பக்கம் தெரியும், மையும் ஊறும். மென்மையான பென்சிலால், கெட்டியான தட்டையான இடத்தில் வைத்து, ஓரமாக எழுத வேண்டும். ஊர், ஆண்டு, எடுத்தவர் பெயர் ஆகியவற்றையும் சேர்த்து எழுதுங்கள். நெகட்டிவ்களை மலிவான பிளாஸ்டிக் உறைகளில் போட்டால் வெயில் காலத்தில் ஒட்டிக்கொள்ளும். காகித உறைதான் நல்லது. வெளிச்சுவரை ஒட்டிய பீரோவில் வைக்காதீர்கள், சுவரின் ஈரம் உள்ளே இறங்கும். ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் பூஞ்சை பிடிக்காத ஆல்பமே கிடையாது. பூஞ்சை பிடித்த நெகட்டிவை ஈரத்துணியால் துடைத்தால் படலமே கரைந்து வந்துவிடும். உலர்ந்த மென்மையான தூரிகையால் மட்டும் தட்டிவிட வேண்டும். பெட்டியைத் திறந்ததும் வினிகர் போலப் புளித்த வாடை அடித்தால் அந்தச் சுருளை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து வையுங்கள், அந்தக் கேடு பரவக்கூடியது. ஸ்கேனர் இல்லாதவர்கள், ஒரு செல்பேசியில் வெள்ளைத் திரையை எரியவிட்டு, அதிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் நெகட்டிவைப் பிடித்து, இன்னொரு செல்பேசியில் படம் எடுக்கலாம். திரையின் மேலேயே வைத்தால் புள்ளிகள் தெரியும்.

ஸ்டுடியோ மகனாருக்கு இந்த யோசனை காலம் கடந்தது என்பதை அறிவேன். மற்றவர்களுக்குப் பயன்படட்டும்.

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை எழுதியது:

என்னுடைய அனுபவம் சிறியது. மதராஸ் படையைச் சேர்ந்த லின்னேயஸ் டிரைப், மாகாண அரசின் புகைப்படக்காரராக எடுத்த படங்களில் ஒரு தொகுதி, ராயக்கோட்டையும் சேலம் மாவட்டத்தின் பிற இடங்களும் என்ற தலைப்பில் 1858இல் வெளிவந்தது. அதிலிருந்து சில நகல்களை எடுத்துக்கொண்டு மாணவர்களை ராயக்கோட்டை மலைக்கு அழைத்துச் சென்றேன். சேலம் என்று ஏன் போட்டிருக்கிறது என்ற கேள்விக்கு எளிதாக விடை சொன்னேன்: அந்த ஊர் 1965இல் தர்மபுரி மாவட்டத்துக்கும் 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கும் போய்விட்டது. அடுத்து ஒரு சிறுவன், "இவரு எதுக்கு டீச்சர் நம்ம கோட்டையப் படம் எடுத்தாரு?" என்று கேட்டான். "அழகாக இருந்ததால்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன்.

பாறையில் இறங்கி வரும்போதே அது தவறு என்று உறுத்தியது. 1791இல் திப்புவிடமிருந்து பிடித்த கோட்டையை, தாங்கள் ஆளும் நாட்டின் பதிவாக, ஆள்கிறவர்கள் தங்கள் ஊழியரை அனுப்பி எடுத்த படம் அது. அழகும் உண்மைதான். ஆனாலும் அந்தச் சிறுவன் கேட்டது வேறு. மலையூரான் அவர்கள் பெயர் எழுதச் சொல்கிறார். யார் எடுக்கச் சொன்னார், யாருக்காக எடுத்தார் என்பதையும் எழுதச் சொல்லியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

அம்மாப்பேட்டை பாஸ்போர்ட் படக்காரன் எழுதியது:

நீங்கள் எல்லாரும் பழைய படங்களைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் சென்ற ஆண்டு எடுத்த ஒரு படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் நடந்தபோது என் கடைக்கு வந்த கூட்டத்தை அதற்கு முன் நான் கண்டதில்லை. படிவத்தில் பழைய படம் அச்சாகியிருந்தது. பக்கத்தில் புதிய படம் ஒட்டக் கட்டம் இருந்தது. தறி நெய்யும் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் அம்மா, படிவத்தைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் ஒரு மணி நேரம் நின்றார். முறை வந்ததும், அச்சாகியிருந்த அந்த மங்கிய படத்தைக் காட்டி, "இதுல இருக்கறவ மாதிரியே என்னை எடுத்துக் குடு சாமி. வேற மாதிரி இருந்தா ஆளு மாறிப்போச்சுன்னு பேர எடுத்துருவாங்க" என்றார். அந்தப் படத்தில் அவருக்கு நாற்பது வயதுதான் இருக்கும். தலைமுடி கறுப்பு, மூக்குத்தி இருந்தது. எதிரில் நின்றவருக்குத் தலை முழுவதும் நரைத்திருந்தது. மூக்குத்தி இருந்த இடத்தில் ஈர்க்குச்சி செருகியிருந்தார்.

இப்போதைய முகம்தான் வேண்டும் என்பதற்காகவே புதுப் படம் கேட்கிறார்கள் என்று எடுத்துச் சொன்னேன். அவர் ஏற்கவில்லை. கணினியில் முடியைக் கறுப்பாக்கித் தரச் சொன்னார். நான் மறுத்துவிட்டு, இருக்கிற முகத்தையே எடுத்து, எட்டுப் படங்களை வெட்டிக் கொடுத்தேன். அவர் கண்ணாடிப் பெட்டி மேல் படிவத்தையும் புதுப் படத்தையும் அருகருகே வைத்து, பழைய படத்தின் மேல் விரலை வைத்துத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார். நான் செய்தது சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் டிசம்பரில் வரைவுப் பட்டியல் வந்த அன்று அவர் பெயர் இருக்கிறதா என்று பார்க்க உட்கார்ந்தபோதுதான், நான் அவர் பெயரையே கேட்டுக்கொள்ளவில்லை என்பது தெரிந்தது. கடைக் கணினியில் அவர் முகம் இருக்கிறது. கோப்பின் பெயர் வெறும் வரிசை எண்.

செவ்வாய்ப்பேட்டை ஸ்டுடியோ மகன் மீண்டும் எழுதியது:

மலையூரான் அவர்களுக்கு நன்றி. காலம் கடந்துவிட்டது என்றே நானும் எண்ணியிருந்தேன். உங்கள் பதிவைப் படித்த பிறகு பரண் மேல் ஏறிப் பார்த்தேன். வெள்ளி இல்லை என்று பட்டறைக்காரர் தள்ளி வைத்த கலர் நெகட்டிவ் மூட்டைகள் மூன்று அப்படியே கிடக்கின்றன. நாங்கள் குப்பையில் போடவும் இல்லை, திறக்கவும் இல்லை.

நேற்று இரவு நீங்கள் சொன்னபடி இரண்டு செல்பேசிகளை வைத்து முதல் சுருளைப் பார்த்தேன். சுகவனேசுவரர் கோயில் மண்டபத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் உட்கார்ந்திருந்தவர்களில் என் பெரியப்பாவை அடையாளம் கண்டேன். பரிமாறுகிற இரண்டு பெண்களையும் மணமக்களையும் தெரியவில்லை. உறையில் அப்பாவின் கையெழுத்தில் 'கோட்டை பார்ட்டி, அட்வான்ஸ் 50' என்று மட்டும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அம்மாவை உட்கார வைத்துக் கேட்கப் போகிறேன். பென்சில் வாங்கி வைத்திருக்கிறேன்.