டோரெமோலினோஸில் உள்ளூர்ச் சாப்பாடு: பலகையை விடுங்க, அடுப்பைப் பாருங்க

(ஆளுக்கு ஒரு பகுதியா எழுதினது இது, * வர்ற இடத்தில் எழுதுறவர் மாறுவார்.)

"கடற்கரையை விட்டு நாலு தெரு உள்ளே போங்க, இங்கிலீஷ் மெனு இருந்தா திரும்பிடுங்க." ஸ்பெயின் போறவங்களுக்கு எல்லாரும் சொல்ற புத்தி இது. மலாகா நகரத்துக்குப் பக்கத்துக் கடலோர ஊரான டோரெமோலினோஸில் பாதி இடத்துக்குத்தான் பொருந்தும். சான் மிகேல் தெருவுக்கும் அதிலிருந்து கடலுக்கு இறங்குற படிக்கட்டுக் கடைகளுக்கும் சரி. மேற்கே கரியுவேலாவில் செல்லாது. 1959இல் பெஸ் எஸ்பாதா ஹோட்டல் வர்ற காலம்வரை அது மீனவர் குப்பம். மலாகாக் குடும்பங்கள் இன்னைக்கும் ஞாயிறு மதியம் மீன் சாப்பிட அங்கேதான் வருது, அதுவும் கடலை ஒட்டின நடைபாதைக் கடைகளுக்கே. மெனு ஆறு மொழியில இருக்கும், சமையல் மலாகாவோடதுதான்.

அங்கே பார்க்க வேண்டியது எஸ்பெத்தோ, அதாவது குச்சியில் கோத்துச் சுடுற மத்தி, போடுற அடுப்பு. மணல் நிரப்பின பழைய படகுதான் அடுப்பு, ஆலிவ் விறகு எரியும். ஒரு குச்சிக்கு அஞ்சாறு மத்தி. குடல் எடுக்க மாட்டாங்க, செதில் சீவ மாட்டாங்க, கல்லுப்பு மட்டும். பிளந்த நாணல் குச்சி முதுகெலும்புக்குக் கீழே நுழையணும். மேலே போனா வெந்த மீன் பிய்ஞ்சு மணல்ல விழும். குச்சியைத் தணலுக்கு மேலே பிடிக்கிறதில்லை. பக்கத்தில், காத்து வர்ற திசையில், சாய்ச்சு நட்டு வைப்பாங்க. எதிர்ப்பக்கம் நட்டா புகை முழுக்க மீன்ல ஏறிடும். தோசைக்கல் மாதிரித் தட்டில் சுட்ட மத்தியை எஸ்பெத்தோன்னு போடுற கடையும் உண்டு. படகு வாசல்ல அலங்காரமா நிக்கும், சாம்பலே இருக்காது. மே முதல் ஆகஸ்ட் வரை மத்தியில் கொழுப்பு ஏறியிருக்கும். ஜனவரியில் கேட்டா குச்சி வரும், ருசி வராது.

*

வறுவல் பத்தி நான் சேர்க்கிறேன். பெஸ்காயீத்தோன்னு சொல்ற மீன் வறுவலுக்கு மாவுக் கரைசல் கிடையாது. கொஞ்சம் கொரகொரப்பான கோதுமை மாவில் புரட்டி, சல்லடையில் உதறி, ஆலிவ் எண்ணெயில் போடுவாங்க. கடையின் கையை அளக்க நெத்திலி ஒண்ணு போதும். மலாகாவில் நாலஞ்சு நெத்திலியை வாலோடு வால் சேர்த்து அழுத்தி, விசிறி மாதிரி விரிச்சு வறுப்பாங்க. தட்டில் விசிறி வந்தா ஆர்டர் வந்த பிறகு கையால மாவு போட்டிருக்காங்கன்னு அர்த்தம். ஒரே அளவு, ஒரே வட்டம், தடிச்ச மஞ்சள் கவசத்தோட கணவாய் வளையம் வந்தா அது பாக்கெட் சரக்கு. தட்டின் அடியில் எண்ணெய் தேங்கினா, எண்ணெய் காயறதுக்கு முன்னாடி போட்டிருக்காங்க, இல்ல ஒரே நேரத்தில் நிறைய போட்டுச் சூட்டை இறக்கிட்டாங்க.

ஆனா "ஃப்ரோசன்னா டூரிஸ்ட் கடை"ன்னு முடிவு கட்டிடாதீங்க. மலாகாக்காரங்க உயிரை விடுற ரோசாதா மீன் வெளிநாட்டிலிருந்து உறைஞ்சுதான் வருது. அதை யாரும் மறைக்கிறதில்லை.

இழுவைப் படகுகள் சனி, ஞாயிறு கடலுக்குப் போகாது. அதனால திங்கட்கிழமை மீன் கேட்கிறதைவிட செவ்வாய் முதல் வெள்ளி வரை நல்லது. நல்ல கடைகள் பலதும் ஞாயிறு ராத்திரியும் திங்களும் பூட்டித்தான் கிடக்கும்.

*

மேலே எழுதியவர்கள் பில்லைப் பற்றிச் சொல்லவில்லை. பிரச்சினை பெரும்பாலும் அங்கேதான் வருகிறது.

மெனுவில் விலைக்குப் பதில் எஸ்/எம் (S/M) என்றிருந்தால் அன்றைய சந்தை விலை. முழு மீன், இறால், சிப்பி வகைகளுக்கு எழுதியிருக்கும் விலை பெரும்பாலும் கிலோவுக்கோ 100 கிராமுக்கோதான். தட்டுக்கு என்று நினைத்து உட்கார்ந்தால் கடைசியில் தலை சுற்றும். மீனைக் காட்டச் சொல்லி, அடுப்பில் ஏறுமுன் "குவான்தோ பேசா?" என்று எடையைக் கேளுங்கள். நாணயமான கடை தராசோடு வரும்.

அளவு மூன்று: தாபா, மெதியா, ராசியோன். ராசியோன் முழுத் தட்டு, மெதியா அரைத் தட்டு, தாபா சின்னத் தட்டு. இரண்டு பேருக்கு மூன்று மெதியாவும் ஒரு சாலடும் தாராளம். கிரனாதா நகரத்தைப் போல இங்கே குடிக்கிற பானத்தோடு தாபா இலவசமாக வரும் என்று காத்திருக்காதீர்கள். உள்ளே நின்று சாப்பிட ஒரு விலை, வெளி மேசைக்கு இன்னொரு விலை இருப்பதும் உண்டு, பட்டியலில் போட்டிருப்பார்கள். குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தரவேண்டும் என்பது 2022 முதல் சட்டம். "அகுவா தெல் கிரிஃபோ" என்று கேட்டால் போதும், வெறுமனே தண்ணீர் என்றால் பாட்டில்தான் வரும். கேட்காமல் வைக்கும் ரொட்டிக்கும் காசு உண்டு, வேண்டாமென்றால் தொடுமுன் திருப்பிக் கொடுங்கள்.

வார நாள் மதியம் ஊருக்குள் கால்வாரியோ பக்கம் மெனு தெல் தியா சாப்பிடுவதுதான் என் சிபாரிசு. இரண்டு வகை, ரொட்டி, பானம், இனிப்பு அல்லது காபி, எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 12 முதல் 15 யூரோ. சாக்பீஸில் எழுதி தினமும் மாறும் பலகை நல்ல அறிகுறி. அதில் காஸ்பச்சுவேலோ இருந்தால் யோசிக்காதீர்கள். மீன் சாற்றில் மயோனேஸ் கரைத்து உருளைக்கிழங்கு போட்ட வெள்ளை சூப் அது. கொதித்தால் திரிந்துவிடும். பக்குவம் தெரிந்த கை வேண்டும் என்பதால், டூரிஸ்டுக்காக மட்டும் நடத்துபவர்கள் அதன் பக்கமே போவதில்லை.

நேரம் முக்கியம். மதியம் 1:30 முதல் 4, இரவு 8:30க்கு மேல். கடலோரக் குடில்கள் நாள் முழுக்க அடுப்பு வைத்திருக்கும், அது தப்பில்லை. ஊருக்குள் சாயங்காலம் 6 மணிக்கே நிரம்பி வழியும் சாப்பாட்டுக் கடையில் ஊர்க்காரர் யாரும் இருக்க மாட்டார்.

*

சைவக்காரங்களுக்கு மட்டும். "சின் கார்னே" (இறைச்சி இல்லாம)ன்னு சொன்னா மாமிசத் துண்டை மட்டும்தான் எடுப்பாங்க. ஹமோனும் (உப்பிட்டு உலர்த்தின பன்றித் தொடை) சூரை மீனும் பல இடத்தில் அந்தக் கணக்கிலேயே வராது. "நி ஹமோன், நி அதூன், நி பெஸ்காதோ" (ஹமோன், சூரை, மீன் எதுவும் வேண்டாம்)ன்னு மூணையும் சொல்லுங்க. பருப்புக் குழம்புன்னு ஆசையா வாங்காதீங்க, சோரிசோ (பன்றி இறைச்சித் தொத்திறைச்சி) போட்டுக் கொதிக்க வைச்சிருப்பாங்க. போர்ரா (கெட்டியான குளிர்ந்த தக்காளி சூப்) நல்லா இருக்கும், ஆனா மேலே தூவுற ஹமோனும் முட்டையும் வேண்டாம்னு முன்னாடியே சொல்லணும். தைரியமா கேட்கலாம்னா அஹோபிளாங்கோங்கிற குளிர்ந்த வெள்ளை சூப்: பாதாம், பூண்டு, ரொட்டி, வினிகர், ஆலிவ் எண்ணெய், மேலே திராட்சை.

கத்தரிக்காய் வறுவலில் கரும்புப் பாகு ஊத்தித் தருவாங்க, பாகு மலாகா மாகாணத்து ஃப்ரிஹிலியானா ஊர்ச் சரக்கு. அருமை. ஆனா மீன் வறுத்த அதே எண்ணெயா இருக்கும். தனிச் சட்டி இருக்கான்னு கேளுங்க, இல்லேன்னா இல்லைன்னு நேராவே சொல்லிடுவாங்க.

இன்னொண்ணு, ஜூலை 16 கார்மென் மாதா திருவிழா. மாதா சிலையைக் கடலுக்குத் தூக்கிட்டுப் போவாங்க. அன்னைக்கு ராத்திரி கரியுவேலாவில் சாப்பிடணும்னா மேசையை முன்கூட்டியே பிடிச்சு வைங்க.