வேர்சாய் உடன்படிக்கை கடுமையாக இருந்ததால்தான் இரண்டாம் உலகப் போர் மூண்டதா?

உயர்தர மாணவி, அட்டன்:
வணக்கம். முதலாம் உலகப் போரில் வென்ற நாடுகளுக்கும் தோற்ற ஜேர்மனிக்கும் இடையே 1919 ஜூன் 28இல் கைச்சாத்திடப்பட்ட வேர்சாய் உடன்படிக்கையின் கடுமையே அடுத்த போருக்குக் காரணம் என்று எங்கள் குறிப்பில் ஒரே வரியில் இருக்கிறது. அப்படியாயின், 1945இல் ஜேர்மனி முழுவதும் ஆக்கிரமிக்கப்பட்டுப் பிரிக்கப்பட்ட பின்னர் அதே விளைவு ஏன் ஏற்படவில்லை?

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், பண்டாரவளை:
மகள், அந்த ஒரு வரியை மட்டும் எழுதினால் பாதிப் புள்ளிகூடக் கிடைக்காது. போர்ப் பொறுப்பைச் சுமத்திய 231ஆம் உறுப்புரையும், 1921இல் 13,200 கோடி தங்க மார்க் என நிர்ணயிக்கப்பட்ட நட்டஈடும் ஜேர்மனியரிடையே ஆறாத மனக்கசப்பை வளர்த்தன என்பது உண்மையே. ஆனால் அந்த உடன்படிக்கையைக் காத்து நிற்க ஆளில்லாமற் போனதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அமெரிக்க செனற் சபை அதை ஏற்க மறுத்தது; 1923இல் தவணை தவறியதற்காகப் பிரான்சும் பெல்ஜியமும் ஜேர்மனியின் கைத்தொழில் மையமான ரூர் பிரதேசத்துக்குள் படை அனுப்பியபோது பிரித்தானியா ஒதுங்கி நின்றது. 1932இல் லோசான் மாநாட்டில் நட்டஈடு ஏறத்தாழக் கைவிடப்பட்டது. ஹிட்லர் பதவிக்கு வந்ததோ 1933இல். இடையில் வந்த பொருளாதாரப் பெருமந்தத்தை விட்டுவிட்டு இதை விளக்கவே முடியாது.

1945க்குப் பின்னர் வென்றவர்களின் படைகள் அங்கேயே தங்கின. ஐரோப்பாவை மீளக் கட்டியெழுப்ப அமெரிக்கா வழங்கிய மார்ஷல் திட்ட உதவி மேற்கு ஜேர்மனிக்கும் கிடைத்தது. 1953இல் இலண்டனில் அதன் வெளிநாட்டுக் கடனில் ஏறத்தாழப் பாதி தள்ளுபடியானது. சமாதானம் நிலைத்தால் தனக்கும் இலாபமுண்டு என்று தோற்றவனுக்குத் தோன்ற வேண்டும். 1919இல் அதற்கு எவரும் வழி செய்யவில்லை.

தோட்டப் பாடசாலை ஆசிரியர், நுவரெலியா:
சேர் சொன்னதோடு யப்பானுடனான சமாதான உடன்படிக்கைக்காக நடந்த 1951 சான் பிரான்சிஸ்கோ மாநாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள், தங்கச்சி. 1942 ஏப்ரலில் கொழும்பும் திருகோணமலையும் யப்பானியக் குண்டுவீச்சுக்கு இலக்காகியிருந்தும், இலங்கை நட்டஈடு கோராது என்று நிதியமைச்சர் ஜே.ஆர். ஜயவர்தன புத்தரின் வாக்கை எடுத்துக்காட்டி அங்கு அறிவித்தார். நேசநாடுகளின் தேவைக்காக ரப்பர் மரங்களில் அளவுமீறிப் பால் வெட்டப்பட்டதால் ஏற்பட்ட சேதத்தையும் அவர் அவ்வுரையில் குறிப்பிட்டார். அந்த மரங்களில் பால் வெட்டியோரில் பெருந்தொகையானோர் நம்மவர்களான மலையகத் தமிழர்கள். அவர்களைக் குடியுரிமையற்றவர்களாக்கிய 1948ஆம் ஆண்டுச் சட்டம் நிறைவேறியபோதும் அவர் அதே அமைச்சரவையில்தான் இருந்தார். வெளியே காட்டிய பெருந்தன்மை தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயம்வரை வரவில்லை என்பதே என் கருத்து. இதைப் பரீட்சையில் எழுதுவதா என்பதை நீங்களே தீர்மானியுங்கள்.

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், பண்டாரவளை:
தாராளமாக எழுதலாம், வினாவுக்குப் பொருந்துமாயின். அத்துடன், அந்த மாநாட்டுக்குச் சீனா அழைக்கப்படவில்லை, சோவியத் ஒன்றியம் கையொப்பமிடவில்லை என்பதையும் மறக்க வேண்டாம், மகள். யப்பானுக்கு வடக்கேயுள்ள குரில் தீவுகள் தொடர்பான பிணக்குத் தீராததால், ரஷ்யாவும் யப்பானும் இன்றுவரை சமாதான உடன்படிக்கை செய்துகொள்ளவில்லை.