சம்பல்பூரி ஒலிப்பதிவுகள் எங்கே கிடைக்கும்?

வணக்கம். ஒடியாப் பேச்சை எழுத்தாக்கி, பேசியவர் யார் என்றும் பிரித்துச் சொல்லும் மென்பொருளில் வேலை செய்கிறேன். பேச்சை எழுத்தாக்கும் ஓபன்ஏஐயின் விஸ்பர் மென்பொருளின் மொழிப் பட்டியலில் ஒடியாவே இல்லை. ஆகவே சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் ஆய்வுக்குழு இந்திய மொழிப் பேச்சுக்காக வெளியிட்ட இண்டிக்வேவ்2வெக் என்ற செயற்கை நுண்ணறிவு மாதிரியை எடுத்துக்கொண்டேன். கட்டக், புவனேஸ்வர் பேச்சு ஓரளவு சரியாக வருகிறது. மேற்கு ஒடிசாவில் பேசப்படும் சம்பல்பூரியில்தான் தடுமாற்றம். கடலோர ஒடியாவில் சொல்லின் ஈற்று உயிர் ஒலிக்கும். சம்பல்பூரியில் அது பெரும்பாலும் விழுந்துவிடும். மாதிரியோ அந்த உயிரை ஒட்டவைத்தே தீருவேன் என்று அடம்பிடிக்கிறது!

குரலை அடையாளம் காண்பதில் மொழி பெரிய தடையில்லை. வெவ்வேறு கைபேசிப் பதிவுகள்தான் குழப்புகின்றன. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எழுத்துப்படியுடன் கூடிய, உரிமச் சிக்கலில்லாத சம்பல்பூரி ஒலிப்பதிவுகள் இருக்குமிடம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எழுத்துப்படியில் ஈற்றுயிரை வைப்பதா, விடுவதா என்பதிலும் அனுபவமுள்ளவர்களின் கருத்து வேண்டும்.