ஒரே ரைஃபிள், ஒரே ஸ்கோப்: மானுக்கும் மூஸுக்கும் சேர்த்து எதை வாங்கலாம்?

கல்கரி கதிர்

எல்லோருக்கும் வணக்கம். பிஏஎல் உரிமம் (கனடாவின் துப்பாக்கி உரிமம்), வேட்டைப் பயிற்சி இரண்டும் முடிந்துவிட்டன. இப்போது ஒரே ஒரு துப்பாக்கி வாங்கவேண்டும். இலையுதிர் காலத்தில் வெண்வால் மான், வசந்தத்தில் கறுங்கரடி, அனுமதிக் குலுக்கலில் பெயர் வந்தால் மூஸ் (மான் இனத்திலேயே பெரியது). மூன்றுக்கும் அது ஒன்றே போதவேண்டும். மனைவிக்கும் உரிமம் இருக்கிறது, அவரும் இதைத்தான் சுடுவார். போல்ட் ஆக்‌ஷன் (ஒவ்வொரு முறையும் கையால் போல்ட்டை இழுத்துத் தோட்டா ஏற்றுவது) என்று முடிவு செய்துவிட்டோம். ரைஃபிள், ஸ்கோப், அதைப் பிடிக்கும் மவுன்ட் எல்லாம் சேர்த்து 1800 கனேடிய டாலர் வரை போகலாம். கடையில் .300 வின்செஸ்டர் மேக்னத்தையும், அதன் மேல் 5-25 ஸ்கோப்பையும் (5 முதல் 25 மடங்கு வரை பெரிதாக்குவது) வைக்கச் சொல்கிறார்கள். சரியா?

வடக்குத்திசை

தம்பி, மேக்னம் வேண்டாம். .30-06 வாங்குங்கள்.

1906இல் அமெரிக்க ராணுவத்துக்காக வந்த தோட்டா இது. இன்றைக்கும் வட அமெரிக்காவில் எந்தச் சிற்றூர்க் கடைக்குப் போனாலும் அலமாரியில் இருக்கும். மானுக்கு 150 கிரெயின் எடையுள்ள குண்டு (தோட்டாவிலிருந்து பறந்துபோகும் முனை), மூஸுக்கு 180, பெரிய கரடி இருக்கும் பக்கம் போனால் 220 வரை கிடைக்கும். துப்பாக்கி ஒன்றுதான், பெட்டியை மாற்றினால் வேலை மாறிவிடுகிறது. ஒன்றே ஒன்று வாங்குகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? நான் ஒன்டாரியோவின் வடக்கே இதை வைத்துத்தான் குடும்பத்துக்கு இறைச்சி கொண்டுவருகிறேன்.

மலைக்காற்று

வடக்குத்திசை அண்ணா சொல்வதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன், மேக்னம் வேண்டாம் என்ற பாதியை. மீதியில் எனக்கு உடன்பாடு இல்லை.

கதிர், நீங்கள் போட்டதில் முக்கியமான வரி ‘மனைவியும் இதைத்தான் சுடுவார்’ என்பது. எட்டு பவுண்டு எடையுள்ள ரைஃபிளில் 180 கிரெயின் .30-06 சுட்டால் உதைப்பு ஏறத்தாழ 20 அடி-பவுண்டு. அதே எடையில் 6.5 கிரீட்மோர் தோட்டா 12, 13தான் வரும். .300 மேக்னம் 25ஐத் தாண்டும். முதல் பெட்டித் தோட்டாவிலேயே தோள் நோக ஆரம்பித்தால், விசையை அழுத்தும் முன்பே கண் மூடிக்கொள்ளும், உடம்பு சுருங்கும். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் கழற்றுவது பெரும்பாடு. உதைப்பு குறைவாக இருந்தால் நிறையச் சுட்டுப் பழகலாம். நிறையப் பழகியவர் கை மானின் நுரையீரலைத் தவறவிடாது.

பிரிட்டிஷ் கொலம்பியாவின் உள்பகுதியில் நானும் என் தங்கையும் 6.5 வைத்து மானும் மூஸும் எடுத்திருக்கிறோம். 2007இல் வந்த புதுத் தோட்டா என்று ஒதுக்கவேண்டாம்.

வடக்குத்திசை

புதுசு என்பதால் நான் ஒதுக்கவில்லை தங்கச்சி. 143 கிரெயின் கிரீட்மோர் குழல் வாயில் சுமார் 2300 அடி-பவுண்டு சக்தி. 180 கிரெயின் .30-06 சுமார் 2900. 400 கிலோ மூஸ் முன்னால் நிற்கும்போது அந்த 600 கணக்கில் வரும்.

இன்னொன்று. உங்கள் மாகாணமான ஆல்பர்ட்டாவில் பெரும்பாலான இடங்களில் மூஸ் அனுமதி குலுக்கலில்தான். பெயர் வராத ஒவ்வொரு வருடமும் முன்னுரிமைப் புள்ளி ஏறி, பல வருடம் காத்திருந்த பிறகுதான் ஒரு சீட்டு கைக்கு வரும். அந்த ஒரு வாரத்தில் மூஸ் நமக்கு விலா காட்டிக்கொண்டே நிற்காது. கொஞ்சம் சாய்ந்து நிற்கும், தோள் எலும்பைத் தாண்டிக் குண்டு போகவேண்டியிருக்கும். அப்போது கையில் கனமான குண்டு இருக்கவேண்டும் என்கிறேன்.

மலைக்காற்று

எலும்பைத் தாண்டுவதை அடி-பவுண்டு மட்டும் முடிவு செய்வதில்லை அண்ணா. குண்டின் விட்டத்துக்கு அதன் எடை எவ்வளவு என்று பார்க்கவேண்டும். 6.5இல் 140 கிரெயினுக்கு அந்தக் கணக்கு .287. .30இல் 180 கிரெயினுக்கு .271. மெலிந்து நீண்ட குண்டு ஆழமாகப் போகும்.

இது என் அனுபவம் மட்டுமில்லை. சுவீடன்காரர்கள் 6.5×55 தோட்டாவால் தலைமுறை தலைமுறையாக மூஸ் எடுக்கிறார்கள். மூஸுக்கு அங்கே சட்டமே இருக்கிறது: குண்டு 9 கிராமாவது இருந்தால் 100 மீட்டரில் 2700 ஜூல், 10 கிராம் இருந்தால் 2000 ஜூல் போதும். பழைய 6.5இன் 10.1 கிராம் குண்டு அதில் தேறிவிடுகிறது. கனமான குண்டுக்குக் குறைந்த சக்தியே போதும் என்று சட்டமே ஒத்துக்கொள்கிறது, பாருங்கள்.

வடக்குத்திசை

அது 10 கிராம் குண்டின் கணக்கு. கிரீட்மோரின் 143 கிரெயின் 9.3 கிராம்தான் வரும். அது 2700 ஜூல் வரிசைக்குப் போய்விடும், அங்கே 100 மீட்டரில் கிரீட்மோர் மிகவும் ஒட்டித்தான் நிற்கும். சுவீடனைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் முழுச் சாட்சியையும் கேட்கவேண்டும்.

மலைக்காற்று

சரி, அது நியாயமான திருத்தம். அதனால்தான் மூஸுக்கு 143 கிரெயின் மெல்லுறைக் குண்டு வேண்டாம், முழுத் தாமிரக் குண்டோ உறையும் ஈயமும் ஒட்டிய குண்டோ போடுங்கள் என்பேன். விலாவை நேராகக் காட்டினால் மட்டும் சுடுங்கள், தூரம் 250 கஜத்துக்குள் இருக்கட்டும். சாய்ந்து நிற்கும் மூஸை நான் சுடவே மாட்டேன், கையில் எந்தத் தோட்டா இருந்தாலும்.

செழியன் டெக்சாஸ்

இரண்டு பேரும் தோட்டாவின் பெயருக்குச் சண்டை போடுகிறீர்கள். குண்டு பற்றி அக்கா இப்போதுதான் வாயைத் திறந்தார். அதுதான் முதலில் வந்திருக்கவேண்டும்.

1946இல் ஜான் நாஸ்லர் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூஸ் வேட்டைக்குப் போனார். கையில் .300 ஹெச் அண்ட் ஹெச் மேக்னம். அந்தக் காலத்தில் அதற்கு மேல் அதிகம் கேட்கமுடியாது. சேறு அப்பிய மூஸின் மேல் குண்டுகள் உள்ளே ஆழமாகப் போகாமல் உடைந்துபோயின. தோட்டாவில் சக்தி குறையவில்லை, குண்டுதான் தாங்கவில்லை. அவர் ஊருக்கு வந்து, நடுவில் தடுப்புச் சுவர் வைத்த குண்டு ஒன்றைக் கடைந்தார். முன்பாதி விரியும், பின்பாதி அப்படியே உள்ளே போகும். 1948இல் ‘பார்ட்டிஷன்’ என்று விற்பனைக்கு வந்தது, இன்றும் விற்கிறது.

ஆகவே கதிர், .308 வின்செஸ்டரைப் பாருங்கள். உதைப்பு .30-06ஐவிடக் கொஞ்சம் குறைவு, ஆக்‌ஷன் (தோட்டா ஏறும் இயங்குபகுதி) குட்டை, 165 கிரெயின் நல்ல குண்டு போட்டால் மூன்று விலங்குக்கும் போதும்.

இன்னும் ஒன்று: கிரீட்மோர் நேராகப் பறக்கும் என்று கடையில் பேசுவார்கள். 200 கஜத்தில் ஜீரோ செய்தால் (குறி வைத்த இடத்திலேயே குண்டு படும்படி ஸ்கோப்பைத் திருத்தினால்) .30-06உம் சரி, 6.5உம் சரி, 300 கஜத்தில் எட்டு ஒன்பது அங்குலம் இறங்கும். வித்தியாசம் ஒரு அங்குலம் இருக்குமா என்பதே சந்தேகம். 6.5 காற்றில் குறைவாக ஒதுங்குவது உண்மை, ஆனால் அது 400 கஜத்துக்கு மேல்தான் பெரிதாகத் தெரியும். முதல் வருடம் அந்தத் தூரத்துக்கு யாரும் சுடக்கூடாது.

கல்கரி கதிர்

நன்றி. ஸ்கோப் பற்றி யாருமே சொல்லவில்லையே? 25 மடங்கு வரை போனால் நல்லதுதானே?

செழியன் டெக்சாஸ்

திறந்த வெளியில் அது வசதி. இங்கே வயல் ஓரத்தில் 4-16 வைத்திருக்கிறேன், கொம்பை எண்ண உதவுகிறது. 25 அதிகம், 16 வரை போகலாம்.

மலைக்காற்று

ஸ்கோப் விஷயத்தில் நான் அண்ணா கட்சி. அவரே சொல்லட்டும்.

வடக்குத்திசை

3-9×40 போதும், அதாவது 3 முதல் 9 மடங்கு, முன்கண்ணாடி 40 மி.மீ. ஏன் என்று சொல்கிறேன்.

ஆல்பர்ட்டாவில் சூரியன் உதிக்க அரை மணி முன்பிருந்து மறைந்து அரை மணி பின்பு வரை சுடலாம். மான் வெளியே வருவது அந்த இரண்டு அரை மணியில்தான். முன்கண்ணாடியின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 40 மி.மீ. ஸ்கோப்பை 6 மடங்கில் வைத்தால் ஏறத்தாழ 6.7 மி.மீ. வரும், இருட்டில் விரிந்த கண்மணிக்கு அது தாராளம். 50 மி.மீ. கண்ணாடியை 16இல் வைத்தால் 3.1தான், படம் மங்கிவிடும். ஆகவே அந்த 16 மடங்கு அந்தி நேரத்தில் உங்களுக்கு உதவாது.

கீழ்ப்பக்கத்தையும் பாருங்கள். 3 மடங்கில் 100 கஜத்தில் 33 அடி அகலம் கண்ணுக்குத் தெரியும். புதர்க்காட்டில் 40 கஜத்தில் மான் எழுந்து ஓடினால், 5 மடங்கில் ஆரம்பிக்கும் ஸ்கோப்பில் வெறும் பழுப்பு மயிரைத்தான் பார்ப்பீர்கள், அது தோளா தொடையா என்று தெரியாது. எடை வேறு. 3-9 ஸ்கோப் 400 கிராமுக்குள் முடியும். 5-25 பெரும்பாலும் அதைப்போல் இரண்டு மடங்கு. நாள் முழுக்க மலையில் சுமக்கிறவர் நீங்கள்.

காசைக் கண்ணாடியில் போடுங்கள், மடங்கில் போடாதீர்கள்.

செழியன் டெக்சாஸ்

புதர்க்காட்டுக்கு ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கதிர் இருக்கும் பக்கம் புல்வெளியும் உண்டு, அங்கே 9 மடங்கு சில நேரம் போதாது என்பதை நான் விடமாட்டேன். 2-10 அல்லது 3-12 பாருங்கள்.

மலைக்காற்று

குளிர் பற்றி யாரும் சொல்லவில்லை. மைனஸ் 20 டிகிரியில் போல்ட்டுக்குள் இருக்கும் எண்ணெய் கெட்டிப்பட்டு, ஊசி மெதுவாக அடித்து, தோட்டா வெடிக்காமல் போகும். வேட்டைக்கு முன் போல்ட்டைக் கழற்றி எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். இரவில் துப்பாக்கியைச் சூடான கூடாரத்துக்குள் கொண்டுவராதீர்கள், உலோகத்தில் நீர் கோத்துக் காலையில் உறைந்துவிடும். தோட்டாவை இறக்கிப் பூட்டி, குளிரிலேயே பத்திரமாக வையுங்கள்.

அப்புறம் தோளில் வைக்கும் கட்டையின் நீளம். கடையில் வரும் ரைஃபிள்கள் பெரும்பாலும் 13.5, 13.75 அங்குலம். மனைவிக்கு அது நீளமாக இருந்தால் கண் ஸ்கோப்பிலிருந்து தள்ளி நிற்கும், உதைப்பும் தோளில் சரியாக உட்காராது. தகடு வைத்துக் கூட்டிக் குறைக்கும் கட்டையாகப் பாருங்கள். குளிர்கோட்டைப் போட்டுக்கொண்டே கடைக்குப் போய் இருவரும் தோளில் வைத்துப் பாருங்கள்.

கல்கரி கதிர்

நேற்று ரேஞ்சில் நண்பர்களின் துப்பாக்கிகளை வாங்கி இருவரும் சுட்டுப் பார்த்தோம். .30-06 எனக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் மனைவி இரண்டாவது தோட்டாவிலேயே விசையை வெடுக்கென்று இழுக்க ஆரம்பித்தார், குறி கீழே போனது. .308இல் நன்றாகச் சுட்டார், 6.5இல் இன்னும் நன்றாக. மூஸ் சீட்டு எப்போது வருமோ தெரியாது, மான் இந்த நவம்பரிலேயே. 6.5 வாங்குகிறோம், மேலே 3-9×40.

வடக்குத்திசை

மூஸ் சீட்டு வரும் வருடம் எனக்கு எழுதுங்கள் தம்பி, அப்போதும் நான் .30-06 என்றுதான் சொல்வேன். இப்போதைக்கு, மவுன்ட் திருகுகளை டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்து, ரிங் (ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையம்) தயாரித்தவர் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். வேட்டையில் எந்தக் குண்டோ அதே குண்டில் 200 கஜம் ஜீரோ செய்யுங்கள். கடையில் அதே பெட்டி இன்னும் இருந்தால் கையோடு நாலைந்து வாங்கிவிடுங்கள்.